வானத்து மானும் வழிகாட்டிய நரியும்

இரட்டை நிலாக் காட்டில், அல்லிக் குளத்துக்கு மேற்கே ஓர் ஈச்சம்புதர் இருந்தது. அந்தப் புதரடியில் பூவரசி என்ற புள்ளிமான் அன்று காலையில்தான் ஒரு குட்டியை ஈன்றிருந்தது. குட்டிக்கு முன்னங்கால் ஒன்றில் வலுவில்லை. எழுந்து நிற்கப் பார்க்கும், தடுமாறி விழும். மறுபடி எழும்; மறுபடி விழும்.

"அவசரமே இல்லை, கண்ணே! மெதுவாக நடக்கலாம்!" என்று சொல்லிப் பூவரசி அதை நக்கிக் கொடுத்தது.

அந்த உலகத்து வானத்தில் இரண்டு நிலாக்கள். பெரிய நிலா வெள்ளை நிறம். சுறுசுறுப்பாக வரும், போகும். சின்ன நிலா செம்பு நிறம். அது சரியான சோம்பேறி. நட்சத்திரங்களுக்கு நடுவே நத்தையைப் போல ஊர்ந்துகொண்டிருக்கும். எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் அதைத் தேடிப் பார்ப்பதில்லை.

அந்த வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டமும் உண்டு. அதற்குத் தாய்மான் என்று பெயர். நீண்ட கழுத்து, நிமிர்ந்த காது, நான்கு கால் எல்லாமே நட்சத்திரங்கள். அதன் வயிற்றை ஒட்டி நீல நிறத்தில் ஒரு சிறிய நட்சத்திரம் மினுங்கும். அதைக் 'குட்டி' என்பார்கள். பொழுது சாய்ந்து தாய்மானும் குட்டியும் கிழக்கே தெரிந்துவிட்டால் போதும், முயல்கூடக் காலை நீட்டிப் படுக்கும். "அவள் பார்த்துக்கொள்வாள்!" என்று சொல்லும்.

அன்று மாலை எல்லா விலங்குகளும் குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மரத்தின் மேலிருந்த ஒரு குரங்கு திடீரென்று கத்தியது.

"ஐயோ! மேலே பாருங்கள்! குட்டியைக் காணோம்!"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. தாய்மான் வழக்கம்போல் நின்றது. ஆனால் அதன் வயிற்றோரம் நீல நட்சத்திரம் இல்லை. அந்த இடத்தில் செம்பு நிலா உட்கார்ந்திருந்தது. அது அவ்வளவு கிட்டே வந்து அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

"நிலா விழுங்கிவிட்டது! நிலா குட்டியை விழுங்கிவிட்டது!" என்று குரங்கு கிளைக்குக் கிளை தாவியது.

முயல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. காட்டுப்பன்றி தன் குட்டிகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது. தொம்பை என்ற காட்டெருமைதான் அந்தக் காட்டுக்குத் தலைமை. நெல் சேமிக்கும் தொம்பையைப் போலவே பெரிய உடம்பு. அதுவும் தண்ணீர் சொட்டும் வாயோடு வானத்தையே பார்த்து நின்றது.

கரையில் இன்னொரு விலங்கும் நின்றது. மினுக்கன் என்ற நரி. கணவாய்க்கு அந்தப் பக்கம் கழுதைப்புலிகள் இருந்தன. அவை கடித்துத் துப்பிய எலும்பைத் தின்று பிழைப்பது இந்த நரி. காட்டெருமைகளின் கொம்புக்குப் பயந்து கழுதைப்புலிகள் காட்டுக்குள் வருவதில்லை. காட்டில் இருப்பவர்களை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால்?

மினுக்கன் ஒரு பாறை மேல் ஏறி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டது.

"நண்பர்களே! குட்டி போனது போய்விட்டது. இனி தாய் என்ன செய்வாள், யோசித்தீர்களா?"

"என்ன செய்வாள்?" என்று முயல்கள் கேட்டன.

"குட்டியைத் தொலைத்த தாய் சும்மா நிற்பாளா? தேடிக்கொண்டு கீழே இறங்குவாள்! அவளுடைய குளம்பு ஒன்று இந்தக் குளத்தைவிடப் பெரிது. நாலு எட்டு வைத்தால் இந்தக் காடு சட்டினி!"

"ஐயையோ!"

"பயப்படாதீர்கள்! கணவாய்க்கு அந்தப் பக்கம் பாறைக் குகைகள் இருக்கின்றன. எவ்வளவு பெரிய குளம்பு மிதித்தாலும் அவை நொறுங்காது. எனக்கு வழி தெரியும். நாளைப் பொழுது சாய்வதற்குள் புறப்படவேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நான் பொறுப்பல்ல!"

தொம்பை மெல்லக் கேட்டது: "மினுக்கா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"தொம்பை அண்ணா! தெரிந்ததைச் சொன்னேன். வேண்டாமென்றால் இங்கேயே இருங்கள். உங்களுக்குக் கனத்த உடம்பு, மிதிபட்டாலும் தாங்கும். இந்த முயல் குட்டிகள் தாங்குமா?"

தொம்பை முயல் குட்டிகளைப் பார்த்தது. "சரி, நாளை மாலை புறப்படுவோம்" என்றது.

மறுநாள் உச்சி வெயிலில் மினுக்கன் கணவாயைத் தாண்டி ஓடியது.

"இன்று மாலை இருட்டத் தொடங்கும்போது எல்லோரையும் கணவாய்க்குள் கூட்டி வருகிறேன்!" என்று கழுதைப்புலிகளிடம் சொன்னது. "சின்னதுகள் முன்னால் வரும். நீங்கள் நடுவில் ஒளிந்திருங்கள்."

"காட்டெருமைகள்?" என்று ஒரு கழுதைப்புலி கேட்டது.

"கடைசியில்! கணவாய் எவ்வளவு குறுகல் என்று தெரியாதா? முன்னால் நெரிசல் என்றால் அவற்றால் உள்ளே நுழையவே முடியாது!"

"உனக்கு என்ன வேண்டும்?"

"எலும்பு வேண்டாம்!" என்றது மினுக்கன். "இனி எனக்குத் தொடைக்கறி!"

சாயங்காலம் காடே புறப்பட்டது. பூவரசி ஓடி வந்து தொம்பையின் முன்னால் நின்றது.

"அண்ணா! என் குட்டி பிறந்து ஒரு நாள்தான் ஆகிறது. அதற்கு நிற்கவே வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள் அண்ணா!"

தொம்பை அதன் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "உன் ஒருத்திக்காக எல்லோரையும் நிறுத்த முடியுமா, பூவரசி? குட்டியை எப்படியாவது நடத்திக் கூட்டி வா."

"நடக்க முடிந்தால் நான் ஏன் கேட்கிறேன்?"

"நேரமாகிறது! நேரமாகிறது!" என்று முன்னாலிருந்து மினுக்கன் கூவியது.

தொம்பை தலையைக் குனிந்துகொண்டு நடந்தது. புழுதி அடங்கியபோது குளக்கரையில் யாரும் இல்லை. தவளைகூடப் போய்விட்டது.

பூவரசி புதருக்குத் திரும்பியது. குட்டியை அணைத்துப் படுத்துக்கொண்டது. அப்போது பக்கத்தில் சரசரவென்று ஒரு சத்தம். மண்ணுக்குள்ளிருந்து ஒரு முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது. அதன் பெயர் ஈர்க்கு.

"நீங்கள் போகவில்லையா, ஈர்க்கு மாமா?"

"எங்கே போவது? இந்த வளையைத் தோண்ட ஒரு கோடைக்காலம் ஆனது. போன மழையில் நீதான் மிதித்து வாசலைச் சரித்தாய். அதை இப்போதுதான் சரிசெய்தேன். விட்டுவிட்டுப் போவேனா?"

"வானத்து மான் இறங்கி வந்து மிதித்துவிட்டால்?"

"மிதிக்கட்டும்! குளம்பில் முள் ஏறினால் அவளுக்குத்தான் வலி!"

அவ்வளவு பயத்திலும் பூவரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு பயம் சற்றுக் குறைந்தது. அது தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது.

கிழக்கே தாய்மான் எழும்பியிருந்தது. அதே கழுத்து. அதே காது. நேற்று எப்படி நின்றதோ அப்படியே நின்றது. வயிற்றோரம் செம்பு நிலா.

பூவரசி வெகுநேரம் அதையே பார்த்தது.

"மாமா!"

"என்ன?"

"என் குட்டி தொலைந்திருந்தால் நான் இப்படியா நிற்பேன்? இந்நேரம் காட்டை ஏழு சுற்றுச் சுற்றியிருக்க மாட்டேனா? அவள் காதைக்கூடத் திருப்பவில்லையே!"

"அவள் கல்நெஞ்சுக்காரியோ என்னவோ!"

"இல்லை, மாமா. குட்டியைத் தொலைத்த எந்தத் தாயும் இப்படி நிற்க மாட்டாள். அவள் எதையும் தொலைக்கவில்லை!"

ஈர்க்கு பதில் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். செம்பு நிலாவின் ஓரத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு நீலப் புள்ளி! அது மெல்ல மெல்லப் பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் நிலாவுக்கு வெளியே வந்து, எதுவுமே நடக்காததுபோல் மினுங்கியது.

"குட்டி!" என்று பூவரசி துள்ளி எழுந்தது. "நிலா விழுங்கவில்லை! குறுக்கே நின்று மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்! மாமா, குட்டி அங்கேயேதான் இருந்திருக்கிறது!"

"நல்லது. இனிமேலாவது தூங்கலாம்" என்றது ஈர்க்கு.

ஆனால் பூவரசியின் காது விறைத்தது. "கணவாயிலிருந்து காற்று வீசுகிறது. ஏதோ வாடை வருகிறது, மாமா."

ஈர்க்கு மூக்கைத் தூக்கிப் பார்த்தது. அதன் முட்கள் சிலிர்த்தன. "கழுதைப்புலி!"

பூவரசிக்கு எல்லாம் புரிந்தது. அந்தக் கூட்டத்தில் முயல் குட்டிகள். பன்றிக் குட்டிகள். நேற்றுவரை தன்னோடு மேய்ந்த மான்களின் குட்டிகள். இப்போது ஓடினால்தான் அவற்றைப் பிடிக்க முடியும். ஆனால் தன் குட்டி?

அது குட்டியைப் பார்த்தது. பாதையைப் பார்த்தது. மறுபடி குட்டியைப் பார்த்தது. அதன் கால்கள் எந்தப் பக்கமும் நகரவில்லை.

"என்ன பார்க்கிறாய்? போ!" என்று ஈர்க்கு அதட்டியது. "நான் இருக்கிறேன். இதன் பக்கத்தில் எது வந்தாலும் அதன் மூக்கில் முள் நிற்கும். போ!"

பூவரசி ஓடியது. பிறந்ததிலிருந்து அது அப்படி ஓடியதில்லை. கள்ளிகள் கிழித்தன. கற்கள் உருண்டன. அது நிற்கவில்லை.

கணவாயின் வாயில் கூட்டம் நின்றிருந்தது. நல்லவேளை, இன்னும் யாரும் உள்ளே நுழையவில்லை. மினுக்கன் வரிசை அமைத்துக்கொண்டிருந்தது.

"சின்னவர்கள் முன்னால்! பெரியவர்கள் பின்னால்! தள்ளாதீர்கள்!"

"நில்லுங்கள்!" என்று பூவரசி மூச்சிரைக்கக் கத்தியது. "குட்டி வந்துவிட்டது! நட்சத்திரம் வந்துவிட்டது! நான் பார்த்தேன்! உள்ளே போகாதீர்கள், உள்ளே கழுதைப்புலிகள் இருக்கின்றன!"

கூட்டம் சலசலத்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே மலை வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. ஒன்றும் தெரியவில்லை.

மினுக்கன் கணநேரம் திகைத்தது. பிறகு சிரித்தது. "பாவம்! தனியாக இருக்கப் பயந்துகொண்டு கதை கட்டுகிறாள். யாரும் திரும்பிப் போகாதீர்கள்! வானத்து மான் இந்நேரம் பாதி வழி இறங்கியிருப்பாள். அவள் கண்ணில் பட்டால் அவ்வளவுதான்!"

"அந்தப் பாறை வரைக்கும் பின்னால் வந்து பாருங்கள்! அங்கிருந்து தெரியும்!" என்று பூவரசி கெஞ்சியது. "அண்ணா, என் குட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! பொய் சொல்லவா அதை விட்டுவிட்டு வந்தேன்?"

தொம்பை பூவரசியைப் பார்த்தது. அதன் காலில் ரத்தம் வழிந்தது. விலா புடைத்துப் புடைத்து அடங்கியது. நேற்றுக் குட்டி ஈன்ற மான், குட்டியைத் தனியே விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது.

"சரி" என்றது தொம்பை. "யாரும் திரும்பவேண்டாம். ஆனால் வரிசையை மாற்றுவோம். மினுக்கா, கணவாய்க்குள் நான் முதலில் போகிறேன்."

"நீங்களா? வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

"ஏன்?"

"அது... உங்கள் கொம்பு பாறையில் இடிக்கும்!"

"அப்படியானால் நீ முதலில் போ. உனக்குக் கொம்பு இல்லையே!"

மினுக்கன் கணவாயின் இருட்டைப் பார்த்தது. பசியோடு காத்திருக்கும் கழுதைப்புலிகள், முன்னால் வருவது யார் என்று கேட்டுவிட்டா பாயும்? அதன் வால் தானாகக் கால்களுக்கு இடையில் போனது.

தொம்பை அதற்கு மேல் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று பின்னால் நடந்து, பாறையருகே போய்த் தலையை நிமிர்த்தியது. மலைக்கு மேலே தாய்மான் நின்றது. அதன் வயிற்றோரம் நீல நட்சத்திரம்.

"இருக்கிறது!" என்று தொம்பை முழங்கியது. "குட்டி இருக்கிறது! எல்லோரும் வாருங்கள், வந்து பாருங்கள்!"

முயல்கள் ஓடின. பன்றிகள் ஓடின. குரங்கு எல்லோருக்கும் முன்னால் ஓடி, "நான் அப்போதே சொன்னேனே!" என்றது. என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. மான்கள் ஒன்றின் கழுத்தில் ஒன்று தலையை வைத்து அழுதன. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

காத்திருந்து பொறுமை இழந்த கழுதைப்புலிகள் அந்த நேரம் பார்த்துக் கணவாயிலிருந்து தலையை நீட்டின. எதிரே காட்டெருமைகள் வரிசையாகக் கொம்பைத் தாழ்த்தி நின்றன. கழுதைப்புலிகள் அப்படியே பின்வாங்கின.

"ஏமாற்றிவிட்டாயே, மினுக்கா!" என்று அவை ஊளையிட்டன.

"ஏமாற்றிவிட்டாயே, மினுக்கா!" என்று இந்தப் பக்கத்திலிருந்து முயல்களும் கத்தின.

மினுக்கன் இரண்டு பக்கமும் பார்த்தது. எந்தப் பக்கமும் போக முடியவில்லை. செங்குத்தான மலை மேல் விழுந்தடித்து ஏறியது. கற்கள் சரிய, முட்செடி கிழிக்க, அந்தப் பக்கமாக எங்கோ போனது. அதன் பிறகு அந்தக் காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

பூவரசி இதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. நட்சத்திரத்தைத் தொம்பை பார்த்ததுமே அது திரும்பி ஓடத் தொடங்கியிருந்தது. போகும்போது தெரியாத தூரம் திரும்பும்போது தெரிந்தது. ஒரு வழியாக ஈச்சம்புதர் வந்தது. பூவரசி உள்ளே தலையை நுழைத்தது.

புதர் வெறுமையாக இருந்தது.

குட்டி இல்லை. ஈர்க்கும் இல்லை. படுத்திருந்த இடத்தில் புல் மட்டும் நசுங்கிக் கிடந்தது.

"கண்ணே!" என்று பூவரசி அலறியது. அதன் குரல் காடு முழுக்கக் கேட்டது. "கண்ணே! எங்கே இருக்கிறாய்?"

"கத்தாதே! இங்கேதான்!" என்று குளத்துப் பக்கமிருந்து ஓர் எரிச்சலான குரல் வந்தது.

பூவரசி பாய்ந்து போனது. குளக்கரை ஈர மண்ணில் குட்டி நின்றுகொண்டிருந்தது. ஆம், நின்றுகொண்டிருந்தது! நான்கு காலையும் அகட்டி வைத்து, தண்ணீரில் தெரியும் நட்சத்திரங்களை மூக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அதைச் சுற்றி ஈர்க்கு முட்களை விரித்துக்கொண்டு வட்டமடித்தது.

"நீ போனதும் எழுந்தது" என்று ஈர்க்கு மூச்சு வாங்கியது. "விழுந்தது. எழுந்தது. பிறகு நடந்தது! படு என்றால் படுக்கவில்லை, நில் என்றால் நிற்கவில்லை. பக்கத்தில் போய்த் தடுக்கலாம் என்றால் என் முள் குத்திவிடும். நான் என்ன செய்வேன்? பின்னாலேயே வந்தேன்! என் வாழ்நாளில் நான் இவ்வளவு தூரம் நடந்ததில்லை!"

பூவரசி குட்டியின் முகத்தை நக்கியது. காதை நக்கியது. வலுவில்லாத காலை மட்டும் மறுபடி மறுபடி நக்கியது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் புகுந்து, பாலைத் தேடி முட்டியது. அப்போதுதான் பூவரசியின் மூச்சு முழுதாக வெளியே வந்தது.

சற்று நேரத்தில் காடு திரும்பி வந்தது. முயல் குட்டிகள் நடந்தபடியே தூங்கின. தொம்பை நேராகப் பூவரசியிடம் வந்தது.

"பூவரசி, உன்னை விட்டுவிட்டுப் போனேன். நீ எங்களை விடவில்லை. நான் என்ன சொல்வது?"

"ஒன்றும் சொல்லவேண்டாம், அண்ணா. எனக்கும் பயம்தான். குட்டி மட்டும் நடந்திருந்தால் நானும் உங்களோடு ஓடித்தான் வந்திருப்பேன்."

"எனக்குப் பயமே இல்லை" என்றது ஈர்க்கு. யாரும் கேட்காமலேயே.

தொம்பை சிரித்தது. பிறகு குட்டியின் பக்கத்தில், காற்று அடிக்கும் திசையை மறைத்துக்கொண்டு, தன் பெரிய உடம்பைச் சாய்த்துப் படுத்தது. மற்ற காட்டெருமைகளும் சுற்றிலும் படுத்தன. மான்கள் அவற்றுக்கு நடுவே நெருங்கிப் படுத்தன. அன்று அந்தக் காடு தூங்கிய தூக்கத்தைப்போல் அதற்கு முன் ஒருநாளும் தூங்கியதில்லை.

பயம் பிடித்த நேரத்தில் அடுத்தவர் காட்டும் வழியில் ஓடுவதற்கு முன்பு, சற்று நின்று நம் கண்ணால் பார்த்து நம் மனத்தால் யோசிப்பதே நம்மைக் காப்பாற்றும்.